ஐந்து, ஆறு, ஏழு

அத்தியாயம் ஒன்பது

முகமது பாரூக் கப்பலிறங்கிவிட்டார், வியாழக்கிழமை மத்தியான ரயிலில் திண்டுக்கல் வருகிறார் என்று தந்தி வந்ததிலிருந்து காதர் பீவியின் கால் தரையில் பாவவில்லை.

ஐம்பத்து மூன்றாம் வருஷம், கலியாணமாகி மூன்றே மாதத்தில் பினாங்குக்குப் போன மாப்பிள்ளை. அங்கே ஒரு கடிகாரக் கடையில் வேலை. மாதம் ஒன்றாக வந்த கடிதம் போகப் போக ஆறு மாதத்துக்கு ஒன்றாகிவிட்டது. அவர் போன இந்த ஆறு வருஷத்தில் காதர் பீவியின் மகள் நர்கீஸ் சென்னைக்குப் போய் எல்.டி. ஆசிரியப் பயிற்சி முடித்தாள். ஊருக்குத் திரும்பிப் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சரானாள். அத்தா என்று கூப்பிடும் தகப்பனாரைப் பறிகொடுத்தாள். வயது இருபத்தெட்டு ஆகிவிட்டது. தந்தியை இரண்டு தரம் படித்துவிட்டு அவள் நேராக அடுப்படிக்குப் போனதை நாம் போன வாரம் பார்த்தோம்.

அதே வியாழக்கிழமைதான் பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷன்.

"இன்னிக்கு ஒரு நாளு லீவு போட்டா என்ன?" என்றாள் காதர் பீவி. அரைத்த மசாலாவை வழித்துக்கொண்டிருந்தாள். "ஆறு வருசம் கழிச்சு வாராரு. வீட்டுல நீ இல்லன்னா மாப்பிள்ளை என்ன நெனப்பாரு?"

"இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா என் வகுப்பைத்தாம்மா பாக்க வாராங்க. அவங்க எழுதிக் குடுத்தாத்தான் வேலை நிரந்தரமாகும்."

"நிரந்தரமாகி என்ன செய்யப் போற? அவருதான் கூட்டிட்டுப் போகப் போறாரே."

நர்கீஸ் புடவைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டாள். அண்ணன் சௌகத் அலி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். தோல் மண்டியை இன்றைக்கு மத்தியானம் வரை அடைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போவதாக ஏற்பாடு.

"மச்சான் கேட்டா என்னன்னு சொல்ல?" என்றான்.

"பள்ளிக்கூடம் போயிருக்கு, அஞ்சு மணிக்கு வந்துரும்னு சொல்லுங்கண்ணே."

"அம்புட்டுத்தானா?"

வேறு என்ன சொல்லி அனுப்புவது என்று அவளுக்கும் தெரியவில்லை. தொண்ணூறு நாள் கூட இருந்த ஒருவருக்கு ஆறு வருஷம் கழித்து ஸ்டேஷனுக்குச் சொல்லி அனுப்ப ஒரு வார்த்தை வேண்டும். தெரு முனை வரைக்கும் அதை யோசித்துக்கொண்டே நடந்தாள். பிறகு மலைக்கோட்டைப் பாறை வெயிலில் வெளுத்துக் கிடப்பது கண்ணில் பட்டது. நேரமாகிவிட்டது என்று காலை எட்டி வைத்தாள்.

*

பத்தாம் வகுப்பு 'பி' பிரிவில் முப்பத்தொரு பெண்கள். நாலாவது பீரியடில் இன்ஸ்பெக்ட்ரஸ் உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். கைத்தறிப் புடவை, கையில் ஆண்கள் கட்டுகிற மாதிரி பெரிய வாட்ச். நர்கீஸ் எழுதி வைத்திருந்த பாடக் குறிப்பு நோட்டை மடியில் விரித்துக்கொண்டார்.

குறிப்பில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. வடிவொத்த முக்கோணங்கள் என்றால் என்ன, பத்து நிமிஷம். பக்கங்களின் விகிதம், பதினைந்து நிமிஷம். பிறகு பிள்ளைகளை வெளியே அழைத்துப் போய், ஒரு குச்சியின் நிழலையும் கொடிமரத்தின் நிழலையும் அளந்து கொடிமரத்தின் உயரம் கண்டுபிடிப்பது.

நர்கீஸ் கரும்பலகையில் ஒரு செங்கோண முக்கோணம் வரைந்தாள். பக்கங்களில் மூன்று, நான்கு, ஐந்து என்று எழுதினாள்.

"சர்வசமம்னா என்னன்னு போன வாரம் படிச்சோம். அச்சும் அளவும் ஒண்ணு. ஒண்ணு மேல ஒண்ண வச்சா பொருந்திரும். இன்னிக்கு அளவு வேற, அச்சு மட்டும் ஒண்ணு. இதே வடிவத்துல இதைவிடப் பெரிய முக்கோணம் ஒண்ணு வேணும். பக்கம் என்னென்ன இருக்கலாம்?"

"ஆறு, எட்டு, பத்து டீச்சர்," என்று முன் பெஞ்சுப் பெண்கள் ஒரே குரலில் சொன்னார்கள்.

"வேற யாராவது, வேற முக்கோணம் சொல்லுங்க."

யாரும் எழவில்லை. பிறகு ஜன்னலோரத்திலிருந்து ஒரு பெண் எழுந்தாள். சகாயசெல்வி. கன்னிவாடியிலிருந்து வந்து கன்னியாஸ்திரீகளின் விடுதியில் தங்கிப் படிக்கிறவள். ஜூனிலிருந்து இந்த வகுப்பில் அவள் தானாக எழுந்து பேசியதே இல்லை.

"அஞ்சு, ஆறு, ஏழு டீச்சர்."

முன் பெஞ்சில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். செல்வியின் காது சிவந்தது. ஆனால் உட்காரவில்லை.

"எப்படிச் சொல்ற?"

"மூணு பக்கத்துக்கும் ரெண்டு ரெண்டு கூட்டினேன் டீச்சர். எல்லாத்துக்கும் ஒண்ணு போலத்தான கூட்டியிருக்கேன். அப்ப வடிவம் மாறாதுல்ல?"

தப்பு, உட்கார் என்று சொல்லிவிட்டு மேலே போயிருக்கலாம். இன்ஸ்பெக்ட்ரஸ் நோட்டில் அடுத்த வரிக்கு விரலை நகர்த்திவிட்டார். நர்கீஸின் கண் அதைக் கவனித்தது.

ஆனால் முன் பெஞ்சுக்காரர்கள் ஆறு, எட்டு, பத்து என்று சொன்னது புரிந்து சொன்னதா என்ற சந்தேகம் அவளுக்கு வந்துவிட்டது. நேற்று வேறொரு கணக்கில் அவளே இரண்டால் பெருக்கிக் காட்டியிருந்தாள்.

"செல்வி சொல்றது சரின்னு எத்தனை பேருக்குத் தோணுது? பயப்படாமத் தூக்குங்க."

முதலில் ஒரு கை. பிறகு நாலு. கடைசியில் பதினான்கு கைகள். சிரித்த பெண்களில் ஒருத்தியின் கையும் அதில் இருந்தது.

நர்கீஸ் கடைசி பெஞ்சைப் பார்க்காமல் பெரிய மரக் காம்பஸை எடுத்துச் செல்வியிடம் நீட்டினாள்.

"நீயே வந்து வரை. மத்தவங்க நோட்டுல வரைங்க, சென்டிமீட்டர்ல. ஜாமெட்ரி பாக்ஸ் இல்லாதவங்க பக்கத்துல இருக்கிறவளோட சேந்துக்கங்க."

செல்வி கரும்பலகையின் முன் போய் நின்றாள். காம்பஸில் செருகிய சாக்பீஸ் துண்டு இரண்டு தரம் வழுக்கி விழுந்தது. மூன்றாம் தரம் வில் சரியாக விழுந்தது. இன்னொரு பக்கத்திலிருந்து அடுத்த வில். இரண்டும் வெட்டிக்கொண்ட இடத்திலிருந்து கோடு இழுத்தாள். அறையில் முப்பது பென்சில்கள் கீறுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்தச் சத்தத்துக்கு மேலே, ஜங்ஷன் பக்கமிருந்து ரயில் ஊதியது.

கால் மணி நேரமாக அவரைப் பற்றி நினைக்கவே இல்லை என்பது அப்போதுதான் நர்கீஸுக்கு உறைத்தது. அண்ணன் இப்போது பிளாட்பாரத்தில் நிற்பான். இவள் இங்கே சாக்பீஸ் தூளோடு நிற்கிறாள். நெஞ்சு படபடக்க வேண்டும் என்று எதிர்பார்த்தாள். படபடக்கவில்லை. யாருக்கோ விருந்தாளி வந்திறங்கிய மாதிரி இருந்தது.

"டீச்சர்," என்றாள் செல்வி. மரப் பாகைமானியை மூலையில் வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுபத்தெட்டு வருது."

"எது?"

"செங்கோணம் இருக்க வேண்டிய மூலை. தொண்ணூறு வரல. நாந்தான் தப்பா வரைஞ்சிட்டேன் போல."

"நோட்டுல எத்தனை வருது?" என்று நர்கீஸ் வகுப்பைக் கேட்டாள்.

எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது, எழுபத்தெட்டு என்று குரல்கள் வந்தன. எங்கோ ஒரு எண்பது.

செல்வி பலகையையே பார்த்தாள். அழித்துவிட்டு மறுபடி வரையப் போனாள். கை பாதியில் நின்றது. நர்கீஸ் வாயைத் திறக்கவில்லை. பின்னால் இன்ஸ்பெக்ட்ரஸ் வாட்சைப் பார்க்கத் தலை குனிவது தெரிந்தது.

"மூணுக்கு ரெண்டுங்கிறது ரொம்ப ஜாஸ்தி," என்றாள் செல்வி மெதுவாக. தனக்குத்தானே பேசுகிற மாதிரி இருந்தது. "அஞ்சுக்கு ரெண்டுங்கிறது கம்மி. ஒரே ரெண்டுதான். ஆனா சின்னப் பக்கம் அதிகமா நீண்டு போச்சு. அதான் மூலை குறுகிருச்சு."

"அப்ப எப்படி வளந்தா மூலை மாறாது?"

"அதது தன் அளவுக்குத் தகுந்த மாதிரி வளரணும் டீச்சர்."

மணி அடித்தது. கொடிமரத்தின் நிழலை யாரும் அளக்கவில்லை.

*

தலைமையாசிரியை அறையில் இன்ஸ்பெக்ட்ரஸ் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலியைக் காட்டினார். நர்கீஸ் நுனியில் உட்கார்ந்தாள்.

"எழுதி வச்சதுல பாதிதான் நடத்தியிருக்கீங்க."

"ஆமாங்க."

"நான் உக்காந்திருக்கும்போதே குறிப்பை விட்டு விலகிப் போறதுக்கு எல்லாரும் துணிய மாட்டாங்க." அவர் பேனாவை மூடினார். "நல்ல வகுப்பு. அப்படித்தான் எழுதியிருக்கேன்."

அத்தா இருந்திருந்தால் இதைச் சொல்ல ஓடியிருப்பாள்.

"ஒரு விஷயம் கேக்கணும். உங்க கணவர் இன்னிக்கு வெளிநாட்டிலேருந்து வர்றார்னு உங்க தலைமையாசிரியை சொன்னாங்க. நிரந்தர இடம் ஒண்ணுதான் இருக்கு. உங்களுக்குக் குடுத்து, நீங்க ஜூன்ல கப்பலேறிட்டா, இந்தப் பள்ளிக்குக் கணக்கு டீச்சர் கிடைக்க இன்னும் ரெண்டு வருஷம் ஆகும். அடுத்து ஒரு பொண்ணு காத்திருக்கு. நாளைக்குக் காலையில நான் பழனி கிளம்பறேன். பத்து மணிக்குள்ள எழுதிக் குடுத்துடுங்க. இருப்பேன்னு எழுதுங்க, இல்லேன்னா இருக்க மாட்டேன்னு. எதுவானாலும் சரி."

"வீட்டுல கேக்கணுங்க."

இன்ஸ்பெக்ட்ரஸ் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கேளுங்க," என்று மட்டும் சொன்னார்.

*

ஐந்து மணிக்கு வீட்டு வாசலில் புதுச் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. அடுப்படியிலிருந்து கறி வாசம் தெரு வரை வந்தது.

"சாப்பிடவே மாட்டேன்னுட்டாரு," என்று காதர் பீவி அவளைப் பிடித்து உள்ளே இழுத்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். "நீ வந்தப்புறந்தான்னுட்டாரு. டீயோட இருக்காரு மனுசன். போ, போயி முகத்தக் காட்டு."

"கறுப்புக் கண்ணாடியும் அதுவுமா, பினாங்கு மைனரு மாதிரி வந்திறங்குறாரு," என்று சௌகத் அலி சிரித்தான். "ரொம்ப அலுப்பு போல. எந்தோள்ல கையப் போட்டுக்கிட்டேதான் நடந்தாரு. ஜட்காவுல ஒண்ணும் பேசல."

உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. நர்கீஸ் தள்ளிக்கொண்டு போய் நின்றாள்.

அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மெலிந்து போயிருந்தார். காதோரம் நரைத்திருந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். ஜன்னல் வெளிச்சம் நேராக அவள் மேல் விழுந்தது. அவர் முகத்தைத் திருப்பி அவள் தோளுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தார்.

"யாரு, மாமிங்களா?" என்றார்.

அவர் கை கட்டிலின் மேல் தடவிக் கண்ணாடியைத் தேடிற்று. அது ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. விரல்கள் அதைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தன.

அவள் கதவைச் சாத்தினாள்.

"நாந்தான்," என்றாள்.

அந்தக் கை அப்படியே நின்றது.

"நர்கீஸ்," என்றார். வெளியே காதர் பீவி பாத்திரம் நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"எத்தனை நாளா?" என்றாள் அவள்.

"மூணு வருசமாச்சு ஆரம்பிச்சு. மொதல்ல புகை மாதிரி இருந்துச்சு. சின்னச் சக்கரமெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுச்சு. கடிகாரக் கடைக்காரனுக்குக் கண்ணு போனா அங்க என்ன வேலை? கண்ணு நரம்பு காஞ்சு போச்சு, ஒண்ணும் செய்யறதுக்கில்லேன்னுட்டாரு டாக்டர். கப்பல்ல நாகூர்க்காரரு ஒருத்தரு கையப் பிடிச்சுக் கூட்டியாந்தாரு. திண்டுக்கல் வரைக்கும் கூடவே வந்து இறக்கிவிட்டாரு."

"எழுதியிருக்கலாமுல்ல."

"எப்படி எழுத? ரெண்டு வருசமா வந்த கடிதாசியெல்லாம் பக்கத்து ரூமுக்காரன் எழுதுனது. நான் சொல்லச் சொல்ல எழுதுவான். அவன வச்சுக்கிட்டு உங்கிட்ட என்னத்தச் சொல்ல?"

கையெழுத்து மாறியதை அவள் கவனித்திருந்தாள். தனக்கு ஒரு வரி எழுதக்கூட அவருக்கு மனசில்லை, ஆளை வைத்து எழுதுகிறார் என்று நினைத்திருந்தாள். அதற்குப் பிறகு இவளும் நாலே வரியில் பதில் போட்டாள். அந்த நாலு வரியையும் அவருக்கு யாரோ படித்துச் சொல்லியிருப்பார்கள்.

"யாருக்கும் தெரியாது," என்றார் பாரூக். "நத்தத்துல எங்க அண்ணனுக்கும் தெரியாது. மொதல்ல உங்கிட்டச் சொல்லணும்னுதான் நேரா இங்க வந்தேன். உனக்கு வேணாம்னா சொல்லிரு. ஜமாத்துல நானே கேட்டுத் தலாக் எழுதிக் குடுத்துர்றேன். உம்மேல ஒரு சொல்லு வராது."

நர்கீஸ் சுவரில் சாய்ந்து நின்றாள். இரக்கம் வந்தது. ரோட்டில் யாராவது விழுந்தால் வருகிற இரக்கம். அதற்கு மேல் என்ன வர வேண்டுமோ அது வரவில்லை. இந்த மனிதருக்கு உப்பு அதிகம் வேண்டுமா, குறைத்து வேண்டுமா என்பதுகூட அவளுக்கு மறந்து போயிருந்தது.

"எம்புட்டுத் தெரியும்?"

"வெளிச்சம் தெரியும். ஆளு நிக்கிறது தெரியும். மொகம் தெரியாது."

"எம்மொகம் ஞாபகம் இருக்கா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை.

"இருக்கு," என்றார்.

வகுப்பில் விடை தெரியாத பிள்ளைகள்தான் பதில் சொல்ல இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார்கள். அது ஏன் அந்த நேரத்தில் தோன்றியதோ, தோன்றிவிட்டது. அவள் கட்டிலருகே போய் கண்ணாடியை எடுத்து அவர் கையில் வைத்தாள். விரல்கள் பட்டன. இரண்டு பேரும் கையை எடுத்துக்கொண்டார்கள்.

"ரெண்டு நாளு குடு," என்றார். "மாமிகிட்டயும் சௌகத்துகிட்டயும் நானே சொல்லிர்றேன். இன்னிக்கு மட்டும் வேணாம். அவங்க சந்தோசமா இருக்காங்க."

*

வெயில் இறங்குவதற்குள் சாப்பாடு போட்டாயிற்று. மாப்பிள்ளையும் சௌகத் அலியும் பாயில் உட்கார்ந்தார்கள். நர்கீஸ் பரிமாறினாள். காதர் பீவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துப் பூரித்து நின்றாள்.

"மதுரையில நமக்குத் தெரிஞ்ச ஆளு இருக்காரு மச்சான்," என்றான் சௌகத் அலி. "பாஸ்போர்ட்டெல்லாம் பத்தே நாள்ல முடிச்சுக் குடுத்துருவாரு. நர்கீசு, நீ நாளைக்கே ராஜினாமாக் கடிதாசியக் குடுத்துரு. மச்சான் எப்பக் கிளம்பணும்னாலும் தயாரா இருக்கணுமுல்ல."

பாரூக்கின் கை தண்ணீர்க் கிளாஸைத் தேடி இலையோரத்தில் நகர்ந்தது. நர்கீஸ் குனிந்து அதை அவர் விரலுக்கு நேராக நகர்த்தி வைத்தாள். மற்ற இருவரும் அதைப் பார்க்கவில்லை.

அவர் குடித்தார்.

நாளைக்குப் பத்து மணி. அவர் கேட்டது இரண்டு நாள். இரண்டையும் மனசுக்குள் வைத்துப் பார்த்தாள். ஒன்றுக்குள் ஒன்று அடங்கவில்லை.

"நான் பினாங்கு போகலண்ணே," என்றாள்.

சௌகத் அலி வாய்க்குக் கொண்டுபோன கையை இறக்கினான். "என்னது?"

"பள்ளிக்கூடத்துல வேலை நிரந்தரமாகுது. இங்கதான் இருப்பேன்னு நாளைக்கு எழுதிக் குடுக்கப் போறேன்."

"ஆறு வருசம் காத்துக் கெடந்து, மனுசன் கூப்பிட வந்து வாசல்ல நிக்கையில..." காதர் பீவி நிலையை விட்டு முன்னால் வந்தாள். "புத்தி கித்தி கெட்டுப் போச்சா ஒனக்கு? உங்க அத்தா படிக்க வச்சது இதுக்குத்தானா?"

"என்ன காரணம்னு சொல்லு," என்றான் சௌகத் அலி. "மச்சான்கிட்ட என்ன குறை கண்ட?"

"ஒரு குறையும் இல்ல. எனக்குப் போகப் பிடிக்கல."

சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது, இது முழுப் பொய்யில்லை என்று. அவர் கண் விஷயத்தை மறைப்பதற்காகச் சொன்னாளா, அந்தக் கரும்பலகையை விட மனசில்லாமல் சொன்னாளா என்று யாராவது கேட்டால் அவளால் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

காதர் பீவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகனிடம் திரும்பினாள்.

"நீங்களாச்சும் சொல்லுங்க மாப்பிள்ளை. நீங்க சொன்னா கேப்பா."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நர்கீஸும் பார்த்தாள். இப்போது சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம் போதும். அவர் வாய் திறந்தது. கறுப்புக் கண்ணாடிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.

"அவ இஷ்டம் மாமி," என்றார்.

காதர் பீவிக்கு அந்தப் பெருந்தன்மையைத் தாங்க முடியவில்லை. வாயில் துணியை வைத்து அழுதுகொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள். சௌகத் அலி கையை உதறிவிட்டு எழுந்தான். இலையில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

"இப்படித் தங்கமான மனுசன..." என்றான் தங்கையைப் பார்க்காமல். "நான் இப்பவே நத்தத்துக்குப் போறேன். அவங்க அண்ணனக் கூட்டியாறேன். நாளைக்கு ஜும்மா முடிஞ்சதும் ஜமாத்துல நாலு பேர வச்சுப் பேசிருவோம். அங்க வந்து சொல்லட்டும், பிடிக்கலேன்னு."

வாசலில் செருப்புச் சத்தம் வேகமாகத் தேய்ந்து போயிற்று. கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடுவான்.

அறையில் அவர்கள் இரண்டு பேர்தான். பாரூக் தலை குனிந்து இலையில் விரலால் எதையோ துழாவிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தாள். வாசலுக்குக் குரல் கொடுத்து அண்ணனை நிறுத்துவார் என்றும் நினைத்தாள்.

பஸ் போகிற சத்தம் தூரத்தில் கேட்டது.

நர்கீஸ் சட்டியைச் சாய்த்து அவர் இலையில் இன்னும் கொஞ்சம் போட்டாள்.

"கறி வலது பக்கம் இருக்கு," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.